ஹிலரித்தாஸ்: முகமலர்ச்சிக்கு ஒரு லத்தீன் சொல்

லத்தீன் படிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலிருந்து ஐந்தே சொற்கள் கொண்ட ஒரு வாக்கியத்தைத் தமிழாக்கிப் பார்த்தேன். "ஹிலரெம் எனிம் தத்தோரெம் திலிகித் தெயுஸ்." தெயுஸ் என்றால் கடவுள். திலிகித், நேசிக்கிறார். தத்தோரெம், கொடுப்பவனை. எனிம், ஏனெனில். மிஞ்சி நின்றது ஹிலரெம். ஆங்கிலத்தில் அடிக்கடி காதில் விழும் 'ஹிலேரியஸ்' மனத்தில் முந்திக்கொண்டு வந்ததால், "ஏனெனில் சிரிக்கச் சிரிக்கக் கொடுப்பவனைக் கடவுள் நேசிக்கிறார்" என்று நோட்டில் எழுதிவைத்தேன்.

இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனாலும் அந்த வாக்கியம் உறுத்தியது. காணிக்கைப் பெட்டியின் முன்னால் நின்று ஒருவர் விழுந்து விழுந்து சிரிப்பதைப் பவுல் ஏன் விரும்ப வேண்டும்? அலமாரியிலிருந்த தமிழ் வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன். "உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்" என்று இருந்தது. சிரிப்பு என்ற பேச்சே அங்கு இல்லை. வேண்டாவெறுப்பாக, முகத்தைச் சுளித்துக்கொண்டு, கட்டாயத்துக்காகக் கொடுப்பவருக்கு எதிரே நிற்கிறார் அந்த மனிதர். கொடுக்கும்போது அவருடைய முகம் மலர்ந்திருக்கிறது. அவ்வளவுதான்.

அந்த மலர்ச்சிக்கு லத்தீன் வைத்த பெயர் ஹிலரித்தாஸ். லத்தீனில் மகிழ்ச்சியைக் குறிக்கும் சொற்கள் பல உண்டு. அவற்றுள் ஆங்கிலத்தின் வழியாக வந்து நம்மை அதிகமாக ஏமாற்றும் சொல் இதுதான். அதனாலேயே இதைப் பொறுமையாக விளக்கிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

சொல்லின் உடல்

முதலில் உச்சரிப்பு. 'ஹி', 'ல', 'ரி' மூன்றும் குறில்; 'தா' மட்டும் நெடில். அழுத்தம் 'ல'வின் மேல் விழும். 'தா'வில் வரும் லத்தீன் ஒலிக்கு நம்முடைய 'ட'வைவிட, பல்லைத் தொடும் 'த'வே நெருக்கம். ஒற்றைத் தகரத்தோடு எழுதினால் நாம் அதை மென்மையாக்கி, 'ராமதாஸ்' போலப் படித்துவிடுவோம் என்பதற்காகவே 'த்தா' என்று எழுதுகிறேன். கத்தோலிக்கத் திருச்சபையின் லத்தீனில் ஹகரம் ஒலிக்காது. அங்கே இது 'இலரித்தாஸ்'.

'ஹிலரிஸ்' என்பது பெயரடை: மலர்ந்த, களையான. 'ஹிலருஸ்' என்று இன்னொரு வடிவமும் அதே பொருளில் வழங்கியது. அதனோடு 'தாஸ்' என்ற விகுதி சேர்ந்தால் பண்புப்பெயர் கிடைக்கும். இனிய என்பதிலிருந்து நாம் இனிமை செய்துகொள்வதுபோல. வேருஸ் என்றால் உண்மையான, வேரித்தாஸ் என்றால் உண்மை. லீபெர் என்றால் சுதந்திரமான, லீபெர்த்தாஸ் என்றால் சுதந்திரம். ஆங்கிலத்தில் 'டி' என்று முடியும் எத்தனையோ பண்புப்பெயர்களின் வால் இந்த விகுதியிலிருந்து வந்தது.

ஹிலரித்தாஸ் பெண்பால் சொல். வேற்றுமை ஏற்கும்போது நடுவே ஒரு 'த்' கூடும்: ஹிலரித்தாத்திஸ் என்றால் மலர்ச்சியின், ஹிலரித்தாத்தெம் என்றால் மலர்ச்சியை, ஹிலரித்தாத்தே என்றால் மலர்ச்சியால் அல்லது மலர்ச்சியோடு. வேற்றுமை உருபுகளோடு பிறந்து வளர்ந்த நமக்கு இதில் அச்சப்பட எதுவும் இல்லை. மரம், மரத்தை, மரத்தால் என்று சொல்லும்போது நாமும் இடையில் 'அத்து' என்ற சாரியையைச் சேர்க்கத்தானே செய்கிறோம்? வினையெச்சம்போல வழங்கும் 'ஹிலரித்தெர்' என்பதற்கு 'முகமலர்ந்து' என்று பொருள் சொல்லலாம். 'ஹிலராரே' என்ற வினைக்கு மலரச்செய்வது என்று பொருள். அதன் முன்னால் 'எக்ஸ்' சேர்ந்த 'எக்ஸ்ஹிலராரே' என்ற வினை, நீதிமொழிகள் 15ஆம் அதிகாரத்தின் 13ஆம் வசனத்தில் வருகிறது: "கோர் கௌதென்ஸ் எக்ஸ்ஹிலரத் ஃபாகியெம்."

இதே வசனத்தைத் தமிழ் வேதாகமம் எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள்: "மனமகிழ்ச்சி முகமலர்ச்சியைத் தரும்." தமிழ் மொழிபெயர்ப்பு மூல எபிரேயத்தை ஒட்டியது, லத்தீனைப் பார்த்துச் செய்ததன்று. இருந்தும் இரண்டு மொழிகளும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. லத்தீன் மொழிபெயர்ப்பாளர் உள்ளத்தின் மகிழ்ச்சிக்கு ஒரு சொல்லும், அது முகத்தில் வந்து தெரிவதற்கு வேறொரு சொல்லும் தேர்ந்தார். தமிழில் மொழிபெயர்த்தவர்களும் மகிழ்ச்சி, மலர்ச்சி என்று பிரித்தார்கள். ஹிலரித்தாஸுக்கு நான் தேடிய தமிழ்ச்சொல் அன்று கிடைத்தது. பிறகு எத்தனையோ அகராதிகளைப் புரட்டியும் இதைவிடப் பொருத்தமான ஒன்றைக் காணவில்லை. களிப்பு என்று சொல்லலாம், ஆனால் அதில் கள்ளின் மயக்கம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. குதூகலம் என்றால் துள்ளல் வந்துவிடுகிறது. (வடமொழியில் 'குதூஹலம்' என்பதற்கு ஆர்வம் என்றுதான் பொருள், நம்மிடம் வந்தபின் அது துள்ளக் கற்றுக்கொண்டது. சொற்கள் ஊர் மாறினால் குணமும் மாறும் என்பதற்கு வெளியே போய்ச் சான்று தேட வேண்டியதில்லை.)

தெய்வத்தின் முகம்

ஹிலரிஸ் லத்தீனின் சொந்தப் பிள்ளை இல்லை. கிரேக்கத்தின் 'ஹிலரோஸ்' என்ற சொல்லை ரோமானியர்கள் எடுத்து வளர்த்தார்கள். அந்தக் கிரேக்கச் சொல்லின் உறவினர்களைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 'ஹிலாஓஸ்' என்றால் அருள்கொண்ட, மனமிரங்கிய. தெய்வங்களைப் பற்றிச் சொல்லும்போது வழங்கும் அடைமொழி. 'ஹிலாஸ்கொமாய்' என்றால் கோபித்திருக்கும் தெய்வத்தை வேண்டி, பலி கொடுத்து, முகம் திரும்பச்செய்வது. தமிழ் வேதாகமம் 'கிருபாசனம்' என்று அழைப்பதற்குக் கிரேக்கச் சொல் 'ஹிலாஸ்தேரியோன்'. எல்லாம் ஒரே குடும்பம்.

ஆக, இந்தச் சொற்குடும்பத்தின் வேரில் இருப்பது நகைச்சுவை கேட்டுச் சிரிக்கும் மனிதன் இல்லை. நம்மை நோக்கித் திரும்பி அருளும் ஒரு முகம். கோயிலில் சன்னிதி திறந்ததும் தீபாராதனை வெளிச்சத்தில் தெரியும் முகத்தைப் பார்த்து நெகிழ்ந்த எவருக்கும் இந்த வேர்ப்பொருளைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

வெளிச்சத்துக்கும் இந்தச் சொல் பொருந்தும். அந்தி சாயும் வேளையில் விளக்கேற்றும்போது பாடும் ஒரு பழைய கிரேக்கக் கிறிஸ்தவப் பாடல், 'ஃபோஸ் ஹிலரோன்' என்று தொடங்குகிறது. ஃபோஸ் என்றால் ஒளி. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த செசரியா நகரத்து ஆயர் பசிலியுவே அதைப் பழைய வழக்கம் என்று குறிப்பிட்டிருக்கிறார். கிழக்கத்தியத் திருச்சபைகளில் மாலை வழிபாட்டில் இன்றும் பாடுகிறார்கள். சிரிக்கும் ஒளி என்று அதை மொழிபெயர்த்தால் பாடலே கெட்டுப்போகும். மலர்ந்த ஒளி, முகங்கொடுக்கும் ஒளி என்றால் சரி.

நாணயத்தில் ஒரு பெண்

ரோமானியர்களுக்குப் பண்புகளைப் பெண்ணுருவாக்கி நாணயத்தில் அச்சிடும் வழக்கம் உண்டு. அமைதி, நம்பிக்கை, செழிப்பு என ஒவ்வொன்றுக்கும் ஓர் உருவம். அந்த வரிசையில் ஹிலரித்தாஸும் இடம்பெற்றாள். 117 முதல் 138 வரை ஆண்ட பேரரசர் ஹாட்ரியனின் நாணயங்களில் அவளைத் தெளிவாகப் பார்க்கலாம். நின்ற கோலம். ஒரு கையில் தரையைத் தொடும் அளவுக்கு நீண்ட பேரீச்ச மட்டை. மறு கையில் பழங்களும் தானியங்களும் நிரம்பி வழியும் கொம்பு. இரு பக்கமும் ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும். சுற்றிலும் 'ஹிலரித்தாஸ்' என்ற சொல்லும், 'பொபுலி ரோமானி' என்பதன் முதலெழுத்துகள் இரண்டும். ரோம மக்களின் மலர்ச்சி என்று பொருள்.

அந்த இரண்டு குழந்தைகள்தான் எனக்கு இந்த நாணயத்தில் மிகவும் பிடித்தவர்கள். ஹிலரித்தாஸ் தனியே இருந்து அனுபவிக்கும் இன்பமாக இருந்திருந்தால் அவர்களுக்கு அங்கே வேலை இல்லை. வீடு நிறைந்திருக்கிறது, களஞ்சியம் நிறைந்திருக்கிறது, பிள்ளைகள் காலைச் சுற்றி நிற்கிறார்கள். அப்போது ஒரு குடும்பத்தின் முகத்தில் தெரிவதை நாடு முழுவதுக்கும் விரித்துக் காட்டுகிறது அந்த நாணயம்.

இன்னொரு நாணயமும் உண்டு. 193ஆம் ஆண்டு மார்ச் 28 அன்று பேரரசர் பெர்டினாக்ஸைக் காவற்படையினர் கொன்றார்கள். பிறகு அரியணையையே ஏலம் விட்டார்கள். ஒவ்வொரு வீரருக்கும் 25,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) தருவதாக ஏலம் கேட்டு டிடியஸ் யூலியானுஸ் என்ற செல்வந்தர் அதை எடுத்தார். அவருடைய மகள் டிடியா கிளாராவின் பெயரில் வெளியான நாணயத்தில், அதே பேரீச்ச மட்டையும் கொம்பும் ஏந்தி அதே பெண் நிற்கிறாள். சுற்றி எழுதியிருப்பது 'ஹிலரித்தாஸ் தெம்பொரும்' என்பதன் சுருக்கம்: காலத்தின் மலர்ச்சி. 66 நாள்களில் யூலியானுஸைக் கொன்றுவிட்டார்கள். அரசு இந்தச் சொல்லை அச்சிடலாம்; தெருவில் நடப்பவர் முகத்தில் அதை வரவழைக்க அரசால் முடியாது. லத்தீன் படிப்பவர் இந்த இரண்டு நாணயங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சொல்லின் பொருளோடு அதன் பயன்பாட்டையும் சேர்த்துக் கற்றுக்கொள்வார்.

மார்ச் 25 அன்று ரோமில் 'ஹிலாரியா' என்ற பெயரிலேயே ஒரு திருநாள் கொண்டாடினார்கள். கி.மு. 204இல் சிறிய ஆசியாவிலிருந்து (இன்றைய துருக்கி) ரோமுக்குக் கொண்டுவந்த சிபெலே என்ற தாய்த்தெய்வத்தின் வழிபாட்டைச் சேர்ந்தது அது. முந்தைய நாள் அவளுடைய அன்பன் ஆட்டிஸ் இறந்ததற்கான துக்கம். பூசாரிகள் தங்கள் உடலைக் கீறிக்கொண்டு இரத்தம் சிந்தும் நாள். மறுநாள் ஹிலாரியா. பகல் இரவைவிட நீளத் தொடங்கும் நாள் என்பதால் அது கொண்டாட்டத்துக்கு உரியதாயிற்று என்று மக்ரோபியுஸ் என்ற பழைய எழுத்தாளர் விளக்குகிறார். அழுதுமுடித்த முகத்தில் வரும் வெளிச்சம் என்ற சாயல் இந்தச் சொல்லுக்கு இங்கிருந்தும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

ஒரு சொல்லை அறிய அதன் அண்டை வீட்டாரை அறிந்தாக வேண்டும். லத்தீனில் மகிழ்ச்சிக்கு வழங்கும் சொற்களில் 'கௌதியும்' என்பது உள்ளே நிற்கும் மகிழ்ச்சி. பிரெஞ்சின் 'ழ்வா', ஆங்கிலத்தின் 'ஜாய்' இரண்டும் அதன் வாரிசுகள். லைதீத்தியா என்பது பொங்கும் மகிழ்ச்சி. அதன் பெயரடையான 'லைத்துஸ்' பயிருக்கும் பொருந்தும். வெர்ஜில் உழவைப் பற்றி எழுதிய கவிதையின் முதல் அடியே, விளைச்சலை 'லைத்தாஸ்' ஆக்குவது எது என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது. செழித்து நிற்கும் வயல் என்று பொருள். அலக்ரித்தாஸ் என்பது செயலுக்குத் துடிக்கும் சுறுசுறுப்பு. மேற்கத்திய இசையில் விரைவான நடையைக் குறிக்கும் 'அல்லெக்ரோ', அதன் பெயரடையிலிருந்து இத்தாலிய மொழி வழியாக வந்தது.

இவற்றுக்கு நடுவில் ஹிலரித்தாஸ் பிறர் கண்ணுக்குத் தெரிவது. அதனால்தான் அதை நம்பலாமா என்ற கேள்வியும் கூடவே வந்தது.

ரோமானியத் தத்துவஞானி செனெகாவுக்கு இந்தச் சந்தேகம் இருந்தது. நண்பர் லூசிலியுஸுக்கு எழுதிய 23ஆம் கடிதத்தில், மகிழக் கற்றுக்கொள் என்று சொல்லிவிட்டு, மேலோட்டமான மலர்ச்சிகளை விலக்குகிறார். அவை நெஞ்சை நிரப்புவதில்லை, நெற்றிச் சுருக்கத்தை மட்டும் தளர்த்துகின்றன என்கிறார். சிரிப்பவனெல்லாம் மகிழ்கிறான் என்று நீ எண்ணினால் ஒழிய, என்று சேர்த்துக்கொள்கிறார். அங்கே அவர் எழுதியது 'ஹிலரித்தாத்தேஸ்' என்ற பன்மை வடிவம். உண்மையான 'கௌதியும்' கண்டிப்பான காரியம் என்ற புகழ்பெற்ற வரியும் அதே கடிதத்தில் வருகிறது. முகநக நட்பதையும் அகநக நட்பதையும் வேறுபடுத்தப் பழகிய நமக்கு இந்தக் கடிதம் அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் அதே செனெகா, இன்பமான வாழ்வைப் பற்றிய நூலில் வேறுவிதமாக எழுதுகிறார். அறத்தில் ஊன்றி நிற்பவருக்கு, அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், 'ஹிலரித்தாஸ் கொந்தினுவா', அதாவது இடையறாத மலர்ச்சி பின்தொடர்ந்து வரும். ஆழமான, ஆழத்திலிருந்து எழும் களிப்பும் வரும் என்கிறார். முரண்பாடு என்று தோன்றலாம். நான் அப்படி எண்ணவில்லை. கடிதத்தில் அவர் பன்மையில் பேசுகிறார்: வந்து வந்து போகும் சின்னச் சின்ன மலர்ச்சிகள். நூலில் ஒருமையில், 'இடையறாத' என்ற அடைமொழியோடு பேசுகிறார். குளத்தின் மேல் தெளித்த தண்ணீரும் ஊற்றிலிருந்து பொங்கும் தண்ணீரும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். லத்தீன் வாக்கியத்தில் ஹிலரித்தாஸைச் சந்திக்கும்போது எந்த எண்ணில் வருகிறது, எந்த அடைமொழியோடு வருகிறது என்று பார்ப்பது அதனால் அவசியம்.

ஆங்கிலத்தில் நடந்தது

இந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போனபோது முதலில் நல்லபடியாகவே இருந்தது. 'ஹிலாரிட்டி' என்பது நெடுங்காலம் மனமலர்ச்சி, உற்சாகம் என்ற பொருளில்தான் வழங்கியது. நாளடைவில் மலர்ச்சி சத்தமாயிற்று, சத்தம் வெடிச்சிரிப்பாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழக்குக்கு வந்த 'ஹிலேரியஸ்' இன்று சிரிப்பை அடக்க முடியாததற்கு மட்டுமே பெயர். பிரெஞ்சிலும் இதே கதைதான். சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடுக்கு அங்கே 'காஸ் இலரான்' என்று பெயர்.

பழைய பொருளை மாறாமல் காத்தவை ஆட்பெயர்கள். 4ஆம் நூற்றாண்டில் பிரான்சின் புவாத்தியே நகரத்தின் ஆயராக இருந்தவர் ஹிலாரியுஸ். 461 முதல் 468 வரை ஒரு திருத்தந்தையின் பெயரும் அதுவே. முன்னவரின் திருநாள் ஜனவரி 13இல் வருவதால், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜனவரியில் தொடங்கும் பருவத்துக்கு இன்றும் 'ஹிலாரி' பருவம் என்று பெயர். குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் அது கோமாளியாக வேண்டும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். முகமலர்ந்து வாழ வேண்டும் என்றுதான் எண்ணியிருப்பார்கள்.

கண்ணாடி தேய்த்தவர் சொன்னது

இந்தச் சொல்லுக்கு மிக ஆழமான பொருள் கொடுத்தவர் தத்துவஞானி பரூக் ஸ்பினோசா. 1632இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். 23 வயதில் யூத சமூகம் அவரைச் சபித்து விலக்கியது. லென்ஸ் தேய்த்துக்கொடுத்து எளிமையாக வாழ்ந்து, 1677இல் தி ஹேக் நகரில், 44 வயதில் இறந்தார். அவருடைய 'எத்திகா' அவர் இறந்தபின் அதே ஆண்டில் வெளிவந்தது. லத்தீனில் எழுதிய நூல். வடிவியல் பாடநூல் போல வரையறை, கூற்று, நிறுவல் என்று படிப்படியாகப் போகும்.

அதில் அவர் மகிழ்ச்சியை, லைதீத்தியாவை, இப்படி விளக்குகிறார்: ஒருவரின் ஆற்றல் குறைந்த நிலையிலிருந்து கூடிய நிலைக்குக் கடந்துபோவதே மகிழ்ச்சி. இது மனத்தையும் உடலையும் சேர்த்துத் தொடும்போது இரண்டு விதமாக நிகழலாம். உடலின் ஒரு பகுதியை மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகத் தொட்டால், அது 'தித்தில்லாத்தியோ'. சொல்லுக்கு நேர்ப்பொருள் கிச்சுகிச்சு மூட்டுதல். (நம் தித்திப்புக்கும் இதற்கும் உறவில்லை, ஆனால் நினைவில் வைத்துக்கொள்ளத் தித்திப்பு நன்றாக உதவும்.) எல்லாப் பகுதிகளையும் ஒரே சீராகத் தொட்டால், அது ஹிலரித்தாஸ்.

என் அனுபவத்திலிருந்து இதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். உச்சி வெயிலில் நடந்து வந்தவர் கையில் ஒரு செம்பு மோர் கொடுங்கள். தொண்டையில் இறங்கும் அந்தக் குளிர்ச்சிக்கு ஈடில்லை. ஆனால் அது தொண்டைக்கும் வயிற்றுக்கும் உரிய இன்பம். கால் வலி அப்படியே இருக்கும், வேலை முடியாத கவலையும் இருக்கும். இது தித்தில்லாத்தியோ. இப்போது, ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தவர் உடம்பு தேறி எழும் முதல் காலையை எண்ணிப் பாருங்கள். கண்ணுக்கு வெளிச்சம் பிடிக்கிறது. மூக்குக்குக் காப்பி மணம் தெரிகிறது. பசிக்கிறது. பாதியில் வைத்த புத்தகத்தின் நினைவு வருகிறது. வாசலில் யாரோ பேசும் குரல் எரிச்சலூட்டவில்லை. நாவுக்கு மட்டும், கண்ணுக்கு மட்டும் என்று இல்லாமல், முழு ஆளும் திரும்பி வந்திருக்கிறார். அந்தக் காலைக்கு ஸ்பினோசா வைத்த பெயர் ஹிலரித்தாஸ் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இந்தப் பிரிவினையிலிருந்து அவர் எடுக்கும் முடிவு துணிச்சலானது. நூலின் நான்காம் பகுதியில் 42ஆம் கூற்று: ஹிலரித்தாஸுக்கு மிகை என்பது இருக்க முடியாது, அது எப்போதும் நல்லது, அதற்கு எதிரான மெலன்கோலியா, அதாவது மனச்சோர்வு, எப்போதும் தீயது. எதிலும் அளவு வேண்டும் என்று சொல்லும் அறநூல்களுக்கு நடுவில் இப்படி ஒரு வரி! காரணம் எளிது. ஓர் உறுப்பின் இன்பம் மிகுந்தால் மற்ற உறுப்புகள் பட்டினி கிடக்கும்; குடிக்கு அடிமையானவரின் நாக்கு மற்ற எல்லாவற்றையும் தின்றுவிடுவதுபோல. ஆகவே தித்தில்லாத்தியோ எல்லை மீறலாம், கெடுதலும் செய்யலாம் என்று அடுத்த கூற்றிலேயே சொல்லிவிடுகிறார். எல்லாப் பகுதியும் சேர்ந்தே வளரும்போது எது எதை மீறும்?

இன்னும் சற்றுத் தள்ளி, இத்தகைய ஹிலரித்தாஸைக் கண்ணால் காண்பதைவிடக் கருத்தால் எண்ணுவது எளிது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அன்றாடம் நம்மைப் பிடித்தாட்டும் உணர்வுகள் பெரும்பாலும் ஏதோ ஒரு பகுதியையே பற்றிக்கொள்கின்றன. அதற்கு அவர் கொடுக்கும் மருந்து துறவு இல்லை. அளவான இனிய உணவு, பானம், நறுமணம், பச்சைச் செடிகளின் அழகு, அலங்காரம், இசை, உடற்பயிற்சி, நாடகம் ஆகியவற்றால் தன்னைத் தேற்றிக்கொள்வது அறிவுடையவருக்கு அழகு என்கிறார். உடல் பலவகைப் பகுதிகளால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற, புதிய புதிய ஊட்டம் வேண்டும். லென்ஸ் தூசுக்கு நடுவே, சிறிய அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு அந்த மனிதர் செடிகளையும் நாடகத்தையும் ஒரே பட்டியலில் சேர்த்ததை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

ஸ்பினோசாவைத் தமிழில் பேசும்போது முகமலர்ச்சி என்ற சொல் போதாது. முகம் இங்கே ஓர் உறுப்பாகிவிடும். அவருடைய ஹிலரித்தாஸுக்கு 'முழுமலர்ச்சி' என்று எழுதுவேன்.

சிறையிலிருந்து ஒரு கடிதம்

டீட்ரிக் போன்ஹோஃபர் ஜெர்மானிய லூத்தரன் போதகர். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்ததற்காக 1943 ஏப்ரலில் அவரைக் கைது செய்து, பெர்லினின் டேகல் சிறையில் அடைத்தார்கள். அங்கிருந்து நண்பர் எபர்ஹார்ட் பெத்கேவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் உலகப்புகழ் பெற்றன. 1944 மார்ச் 9 அன்று எழுதிய கடிதத்தில் ஜெர்மன் வாக்கியங்களுக்கு நடுவே ஹிலரித்தாஸ் என்ற லத்தீன் சொல்லை அப்படியே வைக்கிறார். சமயச் சீர்திருத்தவாதி லூத்தர், எழுத்தாளர் லெசிங், ஓவியர் ரூபன்ஸ், இறையியலாளர் கார்ல் பார்த் போன்றோரிடம் அது இருந்தது என்கிறார்.

அவர் தரும் விளக்கத்தில் சிரிப்பும் இல்லை, இன்பமும் இல்லை. தன் வேலையின்மேல் உறுதியான நம்பிக்கை. துணிவு. உலகத்தின் பொதுக்கருத்தை எதிர்கொண்டு நிற்கும் நெஞ்சுரம். உலகத்துக்குப் பிடிக்காவிட்டாலும் தான் செய்வது உலகத்துக்கு நன்மையே என்ற அசையாத தெளிவு. இவை சேர்ந்ததுதான் அவர் சொல்லும் ஹிலரித்தாஸ். குண்டுவீச்சுக்குள்ளான நகரத்தில், விசாரணை முடியாத கைதியாக இருந்தவர் இதை எழுதியிருக்கிறார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

பவுலின் கொடையாளியையும் இந்தக் கைதியையும் இணைப்பது எது என்று பலநாள் யோசித்தேன். மனக்கசப்பில்லாமல் கொடுப்பது இருவருக்கும் பொது என்று இப்போது தோன்றுகிறது. ஒருவர் பணம் கொடுக்கிறார். மற்றவர் தன்னையே.

ஒரு சிறு பயிற்சி

லத்தீன் தொடங்குகிறவர்களுக்கு நான் எப்போதும் கொடுக்கும் ஒரு வரியோடு முடிக்கிறேன். ஜோர்தானோ புருனோ என்ற இத்தாலியத் தத்துவவாதி 1582இல் பாரிஸில் வெளியிட்ட ஒரு நகைச்சுவை நாடகத்தின் முகப்பில் அச்சிட்டது: "இன் த்ரிஸ்தீத்தியா ஹிலரிஸ், இன் ஹிலரித்தாத்தே த்ரிஸ்திஸ்."

'இன்' என்பது நம் ஏழாம் வேற்றுமை 'இல்' செய்யும் வேலையைச் செய்கிறது. த்ரிஸ்திஸ் என்றால் துயருற்றவன், த்ரிஸ்தீத்தியா துயரம். ஹிலரிஸ் பெயரடை, ஹிலரித்தாத்தே உருபேற்ற பெயர்ச்சொல். இரண்டையும் மேலே பார்த்துவிட்டோம். வினைச்சொல் இல்லை, 'அவன் நல்லவன்' என்று சொல்லும் நமக்கு அது குறையாகத் தெரியாது. வரியின் இரண்டாம் பாதி முதல் பாதியைக் கண்ணாடியில் காட்டுவதுபோலத் திருப்பி வைத்திருப்பதைக் கவனியுங்கள். தமிழிலும் அந்தத் திருப்பம் கெடாமல் வர வேண்டும்.

நான் எழுதியது இது: துயரத்தில் மலர்ந்தவன், மலர்ச்சியில் துயர்ந்தவன்.